செம்பாக்கத்தில் ஒரு கறுப்பு பாத்ரூம்

இருபத்தாறு வருட வேலையில் அறுநூறு பாத்ரூம்களுக்காவது நான் டைல்ஸ் தேர்ந்தெடுத்திருப்பேன். எல்லாமே அடுத்தவர் வீட்டு பாத்ரூம்கள். அந்த அடுத்தவரும் அதில் குளிக்கப் போவதில்லை. வாடகைக்கு விடுவதற்காகவே வாங்கிப் போட்ட வீடுகள் அவை. அந்த அறுநூறில் ஒன்றே ஒன்றில் மட்டும் நான் குளித்திருக்கிறேன். அதுவும் வேலை நேரத்தில், மேலதிகாரியின் உத்தரவின் பேரில்.

இதை எழுதச் சொன்னவர்கள் எங்கள் ஆபீஸ் பிள்ளைகள். போன தை மாதம் நான் ஓய்வு பெற்றேன். அதற்கு ஒரு வாரம் முன்னால் திவ்யா என்கிற பெண், நல்ல சூட்டிகை, ஒரு காலி வீட்டின் நடுவில் நின்று போனை நீட்டிக் காட்டினாள். விரலால் தள்ளத் தள்ள போனில் சுவரின் நிறம் மாறியது, தரை மாறியது, இல்லாத சோபா ஒன்று வந்து உட்கார்ந்தது.

"அக்கா, எந்த டைல்ஸ் வேணும்னாலும் இதுலயே போட்டுப் பார்த்துடலாம்" என்றாள்.

"ஆறு மாசம் குடித்தனம் இருந்தப்புறம் எப்படி இருக்கும்னு காட்டுமா?"

தேடிப் பார்த்தாள். "அந்த ஆப்ஷன் இல்லக்கா. நீங்க அதை எழுதிக் குடுங்களேன்" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

நான் கட்டட வேலை படித்தவள் இல்லை. மேற்குத் தாம்பரத்தில் பிளவுஸ் மேட்சிங் கடை ஒன்றில் பதினோரு வருடம் கவுண்டரில் நின்றவள். புடவையைப் பிரித்துக் காட்டினால் போதும், பின்னால் இருக்கும் இருநூறு துணிக்கட்டில் எது பொருந்தும் என்று திரும்பாமலே கை போகும். ஒரு நாள் பெண்கள் கூட்டத்துக்கு நடுவில், நெடு நெடுவென்று ஒரு மனிதர் வந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து உடைந்த டைல்ஸ் துண்டை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"ஜாக்கெட்டுக்கு இல்லம்மா. சுவருக்கு. இதுக்கு எந்த கலர் ஒத்துப் போகும்?"

கடையே அவரைத் திரும்பிப் பார்த்தது. நான் ஒரு வெளிர் சந்தன நிறத் துணியை உருவி அந்தத் துண்டின் பக்கத்தில் வைத்தேன். அவர் துணியை முகர்ந்து பார்த்தார். துண்டையும் முகர்ந்து பார்த்தார். பிறகு, "வேலைக்கு வரீங்களா?" என்றார்.

அவர்தான் கோதண்டம் சார். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். வாடகை வீடுகளைப் புதுப்பித்துக் கொடுப்பது மட்டுமே தொழில். வீட்டு ஓனர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார். தரை, சுவர், சமையல் மேடை, குழாய், கதவு, எல்லாவற்றுக்கும் எந்தப் பொருள் என்று முடிவு செய்து, போட்டு முடித்து, டு-லெட் போர்டு மாட்டி சாவியைத் திருப்பிக் கொடுப்போம். முதல் மூன்று வருடம் நான் அவர் பின்னால் நோட்டுப் புத்தகத்தோடு நடந்தேன். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை, கால் வலித்தது என்பதைத் தவிர.

ஆனால் சார் பொருள் தேர்ந்தெடுக்கும் விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும்.

கடையில் ஒரு டைல்ஸைக் கையில் எடுத்ததும் முதலில் முகர்ந்து பார்ப்பார். எதற்கு என்று கடைசி வரை எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் வந்ததில்லை. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, டைல்ஸின் மேல் தண்ணீர் ஊற்றி, ஒற்றைக் காலால் ஏறி நிற்பார். வழுக்கினால் அது அங்கேயே போச்சு. வழுக்காவிட்டால் டிபன் கேரியரைத் திறப்பார். மூன்றடுக்கு. கீழடுக்கில் மஞ்சள் குழைத்த நல்லெண்ணெய். நடு அடுக்கில் சாம்பார். மேலடுக்கில் அவருடைய மதியச் சாப்பாடு. எண்ணெய் ஒரு கரண்டி, சாம்பார் ஒரு கரண்டி டைல்ஸில் ஊற்றிவிட்டு, கடைக்காரர் தரும் டீயைக் குடித்துக்கொண்டு முழுசாக ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். அப்புறம் துடைப்பார். மஞ்சள் கறை மிச்சமிருந்தால், "குடித்தனம் தாங்காது" என்று எழுந்து போய்விடுவார். ஒரு முறை அவசரத்தில் அடுக்கு மாறிப் போய் மதியச் சாப்பாட்டு வத்தக்குழம்பை ஊற்றிவிட்டார். அந்த டைல்ஸ் பாஸ். சார் பட்டினி.

இதற்கு மேல் ஒன்று இருந்தது. அதற்கு அவர் வைத்த பெயர் குடித்தன நடை. வேலை முடிந்த வீட்டை ஓனரிடம் ஒப்படைக்கும் முன், அதில் குடியிருக்கப் போகிறவர்களைப் போல அவரே நடந்து பார்ப்பார். இரண்டு கையிலும் குடத்தோடு வருகிற அம்மாவாக முழங்கையால் கதவைத் திறப்பார். ஆபீசுக்கு லேட்டான கணவனாகத் துண்டை இழுப்பார். துண்டு மாட்டும் கம்பி கையோடு வந்தால் கொத்தனாருக்கு வேலை. கைத்தடி ஊன்றிய மாமனாராக பாத்ரூம் படியில் இறங்குவார். முகத்தில் சிரிப்பே இருக்காது. நான் பின்னாலேயே குறிப்பு எழுதிக்கொண்டு போவேன்.

வண்டலூரில் ஒரு ஃபிளாட்டில் இப்படி நடந்துகொண்டிருந்தபோது, சொல்லாமல் கொள்ளாமல் ஓனர் உள்ளே வந்துவிட்டார். பேங்கில் பெரிய வேலையில் இருந்தவர். சமையலறை வாசலில் கோதண்டம் சார் குப்புறக் கிடப்பதைப் பார்த்ததும் அவர் கையிலிருந்த பை கீழே விழுந்தது.

"ஐயோ மேடம்! சாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல சார். அவர் இப்ப எட்டு மாசக் குழந்தை" என்றேன்.

தரையில் தவழ்ந்துகொண்டிருந்த சார் தலையைத் தூக்காமல், கனமான குரலில், "மேடையோட முனை கூரா இருக்கு கலா. உருட்டச் சொல்லுங்க. ப்ளக் பாயிண்ட் கைக்கு எட்டுது, மேல ஏத்தணும்" என்றார். ஓனர் என்னையும் பார்த்தார், தரையையும் பார்த்தார். வெளியே போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு, மறுபடி அழைப்பு மணி அடித்து உள்ளே வந்தார்.

நான்காவது வருடம் சார் ஒரு சாவியை என் மேஜையில் வைத்தார். "செம்பாக்கம். நாலு போர்ஷன். இதுல நான் வர மாட்டேன். எல்லா செலக்‌ஷனும் நீங்களே பண்ணுங்க" என்றார். அன்று நான் வீட்டுக்குப் போகும் வழியில் காரணமே இல்லாமல் பூ வாங்கினேன்.

அந்த நாலு போர்ஷனின் ஓனர் ஏகாம்பரம். ஏரிக்குப் பக்கத்தில் ஒரு காலத்தில் அவர்கள் குடும்பத்துக்கு நெல் வயல் இருந்தது. இப்போது வயல் இருந்த இடத்தில் அவருடைய வீடும், அதன் பின்புறம் வாடகைக்கு விடும் மாடிக் கட்டடமும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் ஒரு போட்டோக் கவர். நான் போய் உட்கார்ந்ததும் கவரை எடுத்தார்.

"எங்க மச்சான் வூட்டு ரிசப்ஷன் போட்டோம்மா. பெரிய ஓட்டல்ல நடந்துச்சு" என்றார்.

பெண்ணையும் மாப்பிள்ளையையும் காட்டப் போகிறார் என்று நினைத்தேன். பதினேழு போட்டோ. பதினேழும் அந்த ஓட்டலின் பாத்ரூம்.

"பொண்ணு மாப்ளய நான் சரியாவே பாக்கலம்மா. உள்ள போயி, வெளிய வர மனசே வரல. கறுப்பு டைல்சு. தங்கக் கலர்ல பைப்பு. மூஞ்சி தெரிது தரையில! நம்ம போர்ஷன் நாலுத்துலயும் இதே மாரி பண்ணிடு. ஐ.டி. பசங்க வர்சையில நிப்பானுங்க."

நியாயமாக நான் மறுத்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் போட்டோவைப் பார்த்ததும் என் பழைய வேலை உள்ளே விழித்துக்கொண்டது. கறுப்பு உடம்பு, தங்க ஜரிகை. மேட்சிங் கடையில் அப்படி ஒரு புடவை வந்தால் நாங்கள் மூன்று பேரும் வியாபாரத்தை விட்டுவிட்டுப் பார்ப்போம். அதற்குமேல் ஏகாம்பரம், "உன் மூஞ்சப் பாத்தாலே தெரிது, உனுக்கு டேஸ்டு கீதுன்னு" என்று வேறு சொல்லிவிட்டார். அதுவரை யாரும் எனக்கு டேஸ்ட் இருப்பதாகச் சொன்னதில்லை. விழுந்துவிட்டேன்.

முதலில் ஒரு போர்ஷன், அது சரியாக வந்தால் மற்ற மூன்று என்று பேசிக்கொண்டோம். கறுப்பு டைல்ஸ் சாம்பிளை சாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். முகர்ந்து பார்த்தார். வழக்கத்தை விட ரொம்ப நேரம் பார்த்தார்.

"செம்பாக்கம் போர் தண்ணி. டெஸ்ட் பண்ணிட்டீங்களா?" என்றார்.

அந்தப் பக்கத்துப் போர் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. அத்தனை உப்பு. அதற்கென்று ஒரு பரிசோதனை எங்களுக்கு உண்டு. ஓனர் வீட்டு மாடியில், தொட்டிக் குழாயைச் சொட்டுச் சொட்டாக விழும்படி திறந்து, அடியில் சாம்பிள் டைல்ஸை வைத்துப் பத்து நாள் விட்டுவிடுவது. வைத்தேன். பத்தாம் நாள் போய்ப் பார்த்தால் டைல்ஸ் அப்படியே கண்ணாடி. ஒரு புள்ளி உப்பு இல்லை. என் மூக்குத்தி தெரிந்தது அதில். வெற்றியோடு எடுத்துக்கொண்டு போய் சாரின் முன்னால் வைத்தேன். அவர் அதில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"பாஸ்தான்" என்றார் கடைசியில். "ஒரு தடவை யோசிச்சுட்டுப் போடுங்க."

"யோசிச்சுட்டேன் சார்."

போட்டு முடித்தோம். வீடு பார்க்க வந்தவர்களில் ஒருவர் பாத்ரூம் வாசலில் நின்று, "லைட்டைப் போடுங்க" என்றார். லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. இன்னொரு பெரியவர் தங்கக் குழாயைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார். ஐ.டி. பையன்கள் யாரும் வரவில்லை. கடைசியில் குடிவந்தது ஜெயந்தி டீச்சர் குடும்பம். கணக்கு டீச்சர். கணவர், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள். அவர்களுக்குப் பிடித்தது சமையலறை. பாத்ரூமைப் பற்றி டீச்சர், "பழகிடும்" என்று மட்டும் சொன்னார்.

மூன்றாவது வாரம். காலை ஆறே முக்கால். போன் அடித்தது.

"மேடம், ஜெயந்தி பேசறேன். உங்க ஓனர் எங்க பாத்ரூம்ல இருக்கார்."

"என்னது?"

"உள்ள தாப்பாள் போட்டுக்கிட்டார். இருபது நிமிஷம் ஆச்சு. ஏழே காலுக்கு எனக்கு ஸ்கூல் பஸ். தலை முழுக்க எண்ணெய் வெச்சுட்டு நிக்கறேன் மேடம்."

சேலையூரிலிருந்து ஸ்கூட்டரில் பறந்தேன். பாத்ரூம் வாசலில் வரிசை நின்றது. முதலில் டீச்சர், நெற்றியில் எண்ணெய் வழிய. அடுத்து தோளில் துண்டோடு கணவர். பின்னால் வாயில் பிரஷ்ஷோடு இரண்டு பெண்கள். உள்ளே கரக் கரக்கென்று தேய்க்கும் சத்தம்.

"தினமும் வரார்" என்றார் கணவர் மெதுவாக. "முதல்ல வாரத்துக்கு ஒரு தடவைன்னார். இப்ப நாங்க எழுந்துக்கறதுக்கு முன்னாடியே வாசல்ல நிக்கறார்."

கதவு திறந்தது. வேட்டியை மடித்துக் கட்டி, முழங்கை வரை நனைந்து, கையில் வாளியோடு ஏகாம்பரம். வாளியில் பல் பிரஷ் இரண்டு, பிழிந்த எலுமிச்சை மூடி, பழைய பனியன்.

"வந்துட்டியாம்மா! நீயே பாரு" என்றார். "ஒரு வாட்டி குளிச்சா போதும், உப்பு பூத்து வெள்ள வெளேர்னு ஆயிடுது. ஒரு ஆளுன்னா தொடச்சிக்கலாம். இவங்க நாலு பேரும் குளிக்கறாங்கம்மா!" குரலைத் தாழ்த்தி, "தெனமும்" என்றார்.

"ஐயா, நாம டெஸ்ட் பண்ணோமே. மாடியில பத்து நாள் வெச்சோமே, ஒண்ணும் படியலையே?"

அவர் முகத்தில் ஒரு பெருமை வந்தது. "எப்பிடிப் படியும்? நான்தான் தொடச்சிகினு இருந்தேனே. ஒரு நாளைக்கு மூணு வாட்டி."

"எதுக்குய்யா?"

"அழுக்காவுதேம்மா! பாக்க மனசு வரல."

உள்ளே எட்டிப் பார்த்தேன். தங்கக் குழாய் தங்கமாக இல்லை. உப்புக் கறைக்கு ஆசிட் ஊற்றியிருக்கிறார். முலாம் கழன்று, பித்தளையும் இல்லாமல் சில்வரும் இல்லாமல் ஏதோ நோய் வந்தது மாதிரி இருந்தது.

"அது போவுது வுடு" என்றார் ஏகாம்பரம். "மத்த மூணு போர்ஷனுக்கும் திங்கக்கெழம ஆளு வருது இல்ல? அதே கறுப்புதான். நாலுத்தையும் நானே பாத்துக்குவேன்."

அவர் வாளியோடு போன பிறகு டீச்சர் என்னிடம் சொன்னார்: "இந்த மாசத்தோட காலி பண்ணிடறோம் மேடம். பாத்ரூம் அழகாதான் இருக்கு. ஆனா அதுல எங்களுக்கு இடம் இல்ல."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பாவமாகச் சொன்னார். பெண்களைப் பக்கத்துப் பள்ளியில் அப்போதுதான் சேர்த்திருந்தார்கள். எண்ணெய்த் தலையை அப்படியே வாரி முடிந்துகொண்டு அவர் பஸ்ஸுக்கு ஓடியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆபீசுக்குப் போய் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இனி செலக்‌ஷன் வேலை எனக்கு வேண்டாம், பழையபடி நோட்டுப் புத்தகத்தோடே வருகிறேன் என்றும் சொன்னேன். ஏகாம்பரம் மாடியில் டைல்ஸைத் துடைத்த இடம் வந்தபோது சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் லேசாக ஆடியது. திரும்பியபோது முகம் எப்போதும் போல இருந்தது.

"அந்த பாத்ரூம்ல நீங்க குளிச்சிருக்கீங்களா?" என்றார்.

"நானா? இல்ல சார்."

"போய்க் குளிச்சுட்டு வாங்க. அப்புறம் பேசலாம்."

அவருடைய குடித்தன நடையில் குளியல் மட்டும் இருந்ததில்லை. உடையோடு நடித்துவிட்டு வந்துவிடுவோம். இதை டீச்சரிடம் போனில் கேட்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. சனிக்கிழமை வாருங்கள் என்றார். போனபோது சலவைத் துண்டும் புது சோப்பும் எடுத்து வைத்திருந்தார். பெண்கள் இரண்டு பேரும் பாத்ரூம் வாசலில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். "ஆன்ட்டி டெஸ்ட் குளியல் குளிக்கப் போறாங்க" என்று சின்னது யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டிருந்தது.

கதவைச் சாத்தினேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் நான்தான். இடது சுவரில் நான், வலது சுவரில் நான், தரையில் தலைகீழாக நான். நாற்பதை ஒட்டிய ஒரு பெண்ணுக்குத் தன்னை இத்தனை பக்கத்திலிருந்தும் ஒரே சமயத்தில் பார்க்கும் தேவை கிடையாது. தலையை நிமிர்த்தாமல் குளித்தேன். சோப்பு நழுவியது, கறுப்புத் தரையில் அது எங்கே போனது என்று நான்கு காலில் தேடினேன். அப்போது வெளியே பெரியவள், "என்ன சத்தம்?" என்றாள். "டெஸ்ட்" என்றாள் சின்னவள்.

குளித்து உடுத்திக்கொண்டு வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்து, ஈரம் காய்வதைப் பார்த்தேன். ஒவ்வொரு துளியும் காய்ந்த இடத்தில் ஒரு வெள்ளை வளையம். கால் மணி நேரத்தில் சுவர் முழுக்க விபூதிப் பட்டை. குழாய்க்குப் பின்னால், ஏகாம்பரத்தின் பிரஷ் எட்டாத மூலையில், சின்ன மிட்டாய் அளவுக்கு ஒரு உப்புக் கட்டி திரண்டிருந்தது. நகத்தால் பெயர்த்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

அது வெள்ளை இல்லை. அடியில் லேசான சாம்பல், மேலே பழுப்பு, ஓரத்தில் இரும்புக் கறை மாதிரி ஒரு மெல்லிய காவி. யாராவது அப்படி ஒரு புடவையைக் கொண்டு வந்து விரித்திருந்தால், "இதுக்கு மேட்ச் கஷ்டம்மா, இருங்க பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு மேல் தட்டுக்கு ஏணி போட்டிருப்பேன்.

வாளியிலிருந்து எழுந்தேன். "டீச்சர், ஒரு காலித் தீப்பெட்டி இருக்கா?" என்று கதவுக்கு உள்ளிருந்தே கத்தினேன்.

தீப்பெட்டிக்குள் உப்புக் கட்டியோடு ஜி.எஸ்.டி. ரோட்டில் டைல்ஸ் கடை கடையாக ஏறினேன். மூன்றாவது கடை பஷீர் பாயுடையது. சாரின் சாம்பார் சோதனையைப் பத்து வருடமாகப் பொறுத்துக்கொண்டவர். தீப்பெட்டியைத் திறந்து பார்த்து, "இது என்ன மேடம்?" என்றார்.

"பாத்ரூம் உப்பு பாய். இந்தக் கலர்ல டைல்ஸ் வேணும்."

"அழுக்கு தெரியாத டைல்ஸ் கேப்பாங்க மேடம். அழுக்கையே கொண்டாந்து இதே மாதிரி குடுன்னு கேட்டது நீங்கதான்" என்றார். ஆனாலும் தேடினார். கிடங்கின் கடைசியில், விற்காமல் ஓரம் கட்டிய பெட்டிகளுக்கு அடியில் அது இருந்தது. பளபளப்பு இல்லாத, சொரசொரப்பான, சாம்பலும் பழுப்பும் திட்டுத் திட்டாகக் கலந்த டைல்ஸ். உப்புக் கட்டியை அதன் மேல் வைத்தேன். காணாமல் போய்விட்டது. கையால் தடவித்தான் கண்டுபிடித்தோம்.

இந்த முறை தண்ணீர் சோதனையை ஒழுங்காகச் செய்ய வேண்டும். ஏகாம்பரத்தின் மனைவி சரோஜா அக்காவிடம் போனேன். பெயிண்ட் வேலையை முன்னால் இழுத்துவிட்டு டைல்ஸ் ஆட்களைத் தள்ளி வைத்திருப்பதைச் சொன்னேன்.

"அக்கா, பத்து நாள் உங்க வீட்டுக்காரரை மாடிக்கு விடக் கூடாது."

"அவ்ளோதானே?" என்றார். மாடிக் கதவைப் பூட்டி சாவியைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டார்.

பத்து நாள் கழித்து, சொட்டுத் தண்ணீருக்கு அடியில் கிடந்த டைல்ஸையும், பெட்டியிலிருந்து எடுத்த புது டைல்ஸையும் அவர்கள் வீட்டு ஹாலில் அருகருகே வைத்தேன். கோதண்டம் சாரும் வந்திருந்தார். இரண்டையும் முகர்ந்து பார்த்துவிட்டு, "எது டெஸ்ட் பண்ணது?" என்றார். நான் வாயைத் திறந்தேன். எனக்கே தெரியவில்லை.

ஏகாம்பரத்தின் முகம் சுருங்கிப் போயிருந்தது. "இன்னாம்மா இது, பொறக்கும்போதே அழுக்கா கீது? எங்கூட்டுப் பழைய மாட்டுக் கொட்டாய்ல கூட இத வுட நல்லா தரை போட்டிருந்தோம்."

"ஐயா, அழுக்காகறதுக்கு இதுல இனிமே ஒண்ணும் இல்ல. துடைக்கவே வேணாம்."

"தொடைக்கறதுல எனுக்கு ஒண்ணும் பேஜார் இல்லம்மா. கறுப்பே போடு."

அப்போதுதான் சரோஜா அக்கா சமையலறையிலிருந்து வந்தார். கையில் கரண்டி.

"உனுக்கு பேஜார் இல்ல. எனுக்கு கீது" என்றார் கணவரிடம். "கல்யாணம் ஆயி முப்பது வருசத்துல நம்ம வூட்டு டம்ளர் ஒண்ணு நீ கழுவி நான் பாத்ததில்ல. தெனம் காலைல எழுந்து டீச்சர் வூட்டு பாத்ரூம கழுவப் போற. பால்காரன் கேக்கறான், 'இன்னாக்கா, அண்ணன் வேலைக்குப் போறாரா'ன்னு. நான் இன்னா சொல்றது?"

ஏகாம்பரம் கூரையைப் பார்த்தார். எங்கள் சார் தரையைப் பார்த்தார். நான் டைல்ஸைப் பார்த்தேன்.

"நாலு வூட்டுக்கும் போவணும்னு சொல்லிகினு கீறியாமே? அப்ப மொதல்ல நம்ம வூட்டுலேந்து ஆரம்பி. பாத்திரம் போட்டு வெச்சிருக்கேன்."

அக்கா கையிலிருந்த கரண்டியைப் பார்த்துக்கொண்டே, "அந்த உப்புக் கலரே போடும்மா" என்றார் ஏகாம்பரம்.

மற்ற மூன்று போர்ஷனுக்கும் அதைப் போட்டோம். டீச்சர் வீட்டுக் கறுப்பையும் உடைத்து எடுத்து அதையே போட்டோம். அவர்கள் காலி செய்யவில்லை. சின்னவள் கல்லூரி முடிக்கும் வரை அங்கேயே இருந்தார்கள். கறுப்பை உடைத்த அன்று ஏகாம்பரம் கூடவே நின்றார். உடையாத டைல்ஸ் ஒன்றைப் பொறுக்கித் தன் வீட்டு ஹாலில், டி.வி. பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டார். தினமும் துடைக்கிறார், இருந்துவிட்டுப் போகட்டும் என்று அக்கா சொன்னார்.

வேலை முடிந்ததும் கோதண்டம் சார் குடித்தன நடை நடந்தார். பாத்ரூமுக்குள் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்து, "வேலை முடிஞ்சு இன்னும் கழுவல போல இருக்கே?" என்றார்.

"கழுவியாச்சு சார்."

அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்று மட்டும்தான். வெளியே சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்த கொத்தனார்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் அந்த இடத்து அழுக்கை எடுத்துக்கொள்வேன். வாசல் மண், குழாய் உப்பு, சமையல் மேடைக்கு மேலே படிகிற எண்ணெய்ப் பிசுக்கு. தீப்பெட்டியில் போட்டு, பெட்டி மேல் ஊர் பெயர் எழுதி, அதற்கு மேட்சாகப் பொருள் வாங்குவேன். கடைகளில் எனக்கு அழுக்கு மேடம் என்று பெயர் விழுந்தது. கூப்பிட்டதும் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அது பழகியும் போனது.

கோதண்டம் சார் எனக்கு ஒன்பது வருடம் முன்னால் ஓய்வு பெற்றார். அத்தனை வருடத்தில் ஆபீசிலிருந்து யாரும் அவர் வீட்டுக்குப் போனதில்லை. அவர் அழைத்ததும் இல்லை. என் மகள் கல்யாணப் பத்திரிகையை நேரில் கொடுக்கத்தான் முதல் முறையாகப் போனேன். சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில்வே கேட்டுக்குக் கொஞ்சம் உள்ளே, சொந்த வீடு. அவர் மனைவி கதவைத் திறந்தார். சிரித்த முகம். உட்கார வைத்துக் காபி கொடுத்தார்.

"அவர் பாத்ரூம்ல இருக்காரும்மா. வர லேட்டாகும்" என்றார். பக்கத்தில் வந்து உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார். "தினமும் முக்கா மணி நேரம். கல்யாணமான புதுசுல இப்படி இல்ல. இந்த வீடு கட்டி வந்ததிலேந்துதான். வயித்துல ஏதோ கோளாறு. டாக்டர்கிட்ட போங்கன்னா கேக்க மாட்டேங்கறார். நீயாவது சொல்லேன்."

சொல்கிறேன் என்றேன். காபி குடித்து முடித்தேன். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து உள்பக்கம் தாழ்ப்பாள் விலகியது. சார் வெளியே வந்தார். லுங்கியை மடித்துக் கட்டியிருந்தார். முழங்கை வரை ஈரம். ஒரு கையில் பழைய பனியன், இன்னொரு கையில் எலுமிச்சை மூடி. அவருக்குப் பின்னால் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே சுவர், தரை, எல்லாம் கறுப்பு. பளபளவென்று, ஒரு புள்ளி உப்பு இல்லாமல். இங்கிருந்தே என் முகம் தெரிந்தது அதில்.

அவர் என்னைப் பார்த்தார். பனியனை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"எத்தனை வருஷமா சார்?" என்றேன், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

"இருபத்திரண்டு" என்றார், உதடு அசையாமல்.

அதற்குள் அவர் மனைவி என் பார்வை போன திசையைப் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்தது.

"பாத்தியாம்மா எங்க பாத்ரூமை? என் செலக்‌ஷன். கறுப்பு வேணாம், உப்புத் தண்ணிக்கு ஆகாதுன்னு அப்ப என்னா சண்டை போட்டார் தெரியுமா? இப்ப பாரு. போட்ட அன்னிக்கு எப்படி இருந்துதோ அப்படியே இருக்கு. நான் கை வெச்சதே இல்ல. நல்ல டைல்ஸ்னா அதுக்குத் துடைக்கற வேலையே கிடையாது. இத்தனை வருஷம் இதே வேலையில இருந்தும் இவருக்கு அது தெரியல. நீ சொல்லு, நல்ல டைல்ஸா இல்லையா?"

சார் கண்ணிமைக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். முழங்கையிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது.

"ரொம்ப நல்ல டைல்ஸ்மா" என்றேன்.